இடது கை வரும் இடம்

வலது கையைப் பியானோக் கட்டைகளிலிருந்து தூக்கிவிட்டு விமலேஸ்வரி காத்திருந்தாள். பாட்டின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நடனத்தில் விதைத்து முடித்த பிள்ளைகள் ஆடிய காலை அப்படியே நிறுத்தி வானத்தை அண்ணாந்து பார்க்கிற இடம் அது. பாட்டும் அவர்களோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு அடிச்சுரங்களிலிருந்து இடது கை மட்டும் தனியே, கனமாக, மெல்ல நடந்து வரும். வலது கை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். அப்படித்தான் அவள் அந்த மெட்டைக் கட்டியிருந்தாள். இடைவெளி முடிந்தது. இடது கை வரவில்லை. மேசைக்குக் கீழே இருந்த கொம்பியூட்டர் 'டொங்' என்று ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு, தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல இருந்தது.

குசினிக்குப் பின்னால் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. வாசற்படியில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அவளுடைய கணவன் பாலன், பாட்டு நின்றதும் எழும்பிவிட்டான்.

"முடிஞ்சுதோ? நிப்பாட்டட்டோ?"

"முடியேல்லை. இருங்கோ."

அவன் இருந்தான். ஆனால் ஒரு காலில் செருப்பைப் போட்டபடிதான் இருந்தான். சத்தம் ஓய்ந்தால் ஜெனரேற்றரை நிறுத்த வேண்டும் என்பது அவனுடைய உடம்பில் ஊறிப்போன சங்கதி. ஒருவருக்கும் பயன்படாமல் எரிகிற ஒவ்வொரு சொட்டு மண்ணெண்ணெயும் அவனுடைய நெஞ்சுக்குள்தான் எரியும்.

இடது கை என்று விமலேஸ்வரி சொல்வது அவளுடைய சொந்த இடது கையை அல்ல. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டுச் சனம் ஓடிய நாட்களில் ஒரு செல் துண்டு அவளுடைய இடது மணிக்கட்டால் புகுந்து போனது. கையை எடுக்காமல் காப்பாற்றித் தந்தார் வைத்தியர். நடுவிரலையும் அதற்குப் பிந்திய இரண்டையும் மடங்க வைக்க அவராலும் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மட விடுதியில் இருந்து படித்த காலத்தில் இரண்டு கையாலும் பியானோ வாசித்தவள் அவள். முரசுமோட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சராக வந்த பிறகு ஆர்மோனியத்தோடு காலம் போனது. ஆர்மோனியத்துக்குக் காற்றடிக்க அந்தக் கை போதும். "உங்கட கைக்கு ஆர்மோனியம் நல்ல வசதி, என்ன?" என்று ஆட்கள் அன்பாகச் சொல்வார்கள். அவளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்க வேண்டி வரும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு நோர்வேயில் இருந்து வந்த அண்ணன், தன் மகள் வாசித்துச் சலித்துப்போன மின்பியானோ ஒன்றை வான் வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். பியானோவையும் கொம்பியூட்டரையும் தொடுக்கிற ஒரு வயரும் கொண்டுவந்தான். வயரின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு சிவப்பு வெளிச்சப் புள்ளி. இடது கை வாசிக்க வேண்டியதை முதலில் வலது கையால் வாசித்துக் கொம்பியூட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம். பிறகு அது தன்பாட்டில் அந்த வயர் வழியாகப் பியானோவை வாசிக்கும். அவள் கூட இருந்து வலது கையை வாசிக்கலாம். அண்ணன் அதைச் செய்து காட்டிய அன்று அவள் குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அடுப்பை ஊதிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோசம்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். பிள்ளைகளின் விதைப்பு நடனத்துக்கு மெட்டு அவளுடையது. அதிபர் சிற்றம்பலம் அவளைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ரீச்சர், மெட்டு உங்கடதுதான். அதில மாற்றமில்லை. வாசிக்க ரவுனில இருந்து ஒரு பெடியனைக் கூப்பிடுவம். உங்களுக்கேன் கரைச்சல்?"

"நான் வாசிக்கிறன் சேர். ரெண்டு கையும் கேக்கும்."

அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டோமே என்று அவசரமாக யன்னலுக்கு வெளியே இருந்த வேம்பைப் பார்த்தார். நல்ல மனிதர். அதுதான் கரைச்சலே. கெட்டவர் என்றால் நாலு கதை கதைத்துவிடலாம்.

"சரி. வெள்ளிக்கிழமை ஒத்திகையில பாப்பம். அண்டைக்குச் சரிவராட்டி நான் பெடியனுக்குச் சொல்லியனுப்புவன். குறை நினைக்காதேங்கோ."

கசெற்றில் பதிந்து போடலாமே என்று மற்ற ஆசிரியர்கள் யோசனை சொன்னார்கள். அவளுக்கு மேடையில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, வாசிக்க வேண்டும். அவளுடைய பாட்டை வேறொருவன் வாசிக்க, அவள் கதிரையில் இருந்து கைதட்டுகிற காட்சியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த வேளையில்தான் இந்த இடது கை பாதிப் பாட்டில் காணாமல் போகத் தொடங்கியது.

முதலில் பிழை வயரில் என்றான் பாலன். தண்ணீர் இறைக்கிற மோட்டரோடு பதினைந்து வருடம் மல்லுக்கட்டியவன் அவன். அவனுக்கு எந்த இயந்திரமும் மோட்டரின் தம்பி தங்கைதான். வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். கொம்பியூட்டரின் பின்பக்கத் துளைகளைக் கோழி இறகால் துப்புரவாக்கினார்கள். ஒரு துளைக்குள் இருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வெளியேறின. இனிப் பிழை வராது என்று பாலன் அடித்துச் சொன்னான். அன்றைக்கும் அதே இடத்தில் 'டொங்.'

பிறகு பிழை கறண்டில் என்றான். பியானோவுக்கு மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டு, அவள் வாசிக்க வாசிக்க அதன் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று கழுத்து நோகப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளிச்சம் ஆடாமல் அசையாமல் எரிந்தது. இடது கை மட்டும் நின்றது. எர்த் சரியில்லை என்று கிணற்றடியில் ஒரு இரும்புக் கம்பியை இறக்கி, வெண்டிக்குத் தண்ணீர் விடுவதுபோல அதற்கும் காலை மாலை தண்ணீர் விட்டான். வெண்டி நன்றாக வந்தது.

"உந்தப் பெட்டி உன்னைப் பேய்க்காட்டுது விமலா," என்றான் கடைசியில். "விடு. அவர் கூப்பிடுற பெடியன் வாசிக்கட்டும்."

"நான் விடமாட்டன்."

அவள் உரத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அவனைக் கட்டப்போவதாகத் தகப்பனிடம் சொன்னபோதும் இதே குரலில்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். கொம்பியூட்டர்ப் பெட்டியைப் பழைய சேலையால் சுற்றி, யூரியாப் பையில் போட்டு, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனாள். அவளுக்கு அதை விற்ற ஜவ்பரின் கடை அங்கேதான் இருந்தது. வழியில் இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கத்துச் சோதனைகளிலும் பையை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஓமந்தையில் ஒரு இளம் சிப்பாய் இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். அவளுக்குச் சிங்களம் வராது. காற்றில் வலது கையால் பியானோ வாசித்துக் காட்டினாள். அவனுக்கு விளங்கிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக, துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, அவனும் காற்றில் வாசித்துக் காட்டினான், இரண்டு கையாலும். போகச் சொல்லித் தலையாட்டினான். பஸ்சில் ஏறி இருந்த பிறகு அவள் தன் இடது கையைச் சேலை மடிப்புக்குள் இன்னும் உள்ளே தள்ளினாள்.

ஜவ்பர் தண்ணீரூற்றுக்காரன். சின்ன வயதில், முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்ப் புத்தளத்து முகாமில் வளர்ந்தவன். இப்போது வவுனியாவில் கடை போட்டிருந்தான். வசதிப்பட்ட போதெல்லாம் முள்ளியவளைப் பக்கத்தில் இருக்கிற ஊருக்குப் போய், கூரை இல்லாத தன் வாப்பாவின் வீட்டைச் சுற்றிப் பற்றை வெட்டிவிட்டு வருவான். பெட்டியைத் திறந்து ஊதித் துடைத்தான். கடையில் விற்பனைக்கு இருந்த கீபோர்ட் ஒன்றை எடுத்து, அவள் கொண்டுவந்த வயரால் தொடுத்தான்.

"இப்பப் பாருங்க ரீச்சர்," என்றுவிட்டு ஒரு கல்யாண வீட்டுப் பாட்டை வாசிக்கத் தொடங்கினான். வாசிப்பு என்றால் வாசிப்பு. பத்து விரலும் ஓயவில்லை. ஒரு பாட்டு முடிய முன்னரே அடுத்ததுக்குத் தாவினான். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று தலையாட்டினார்கள். கொம்பியூட்டர் ஒரு சுரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு, திருப்பியும் வாசித்துக் காட்டியது. 'டொங்' இல்லை. ஒன்றும் இல்லை.

"ஒரு பிழையும் இல்ல ரீச்சர்."

"வீட்டில நிக்குது தம்பி."

"அப்ப வீட்டிலதான் பிழை."

அவள் பெட்டியைத் திரும்பவும் சேலையால் சுற்றினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இருமலை நிறுத்திவிடுகிற பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்சில் இடம் கிடைக்கவில்லை. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, மேற்கம்பியை வலது கையால் பிடித்தபடி நின்றாள். ஜவ்பரின் பாட்டு காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சலிப்பாக இருந்தது. என்ன வாசிப்பு இது, மூச்சு விட ஒரு இடம் இல்லை, நெல்லுக் குத்துகிற மெசின்கூட நெல்லுப் போடும்போது ஒருக்கால் ஆறும் என்று நினைத்தாள். மாங்குளம் தாண்டும்போது அந்த நினைப்பு அவளைப் பிடரியில் தட்டியது. அவன் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அவளுடைய பாட்டில்தான் இடைவெளி இருக்கிறது. பிழையும் எப்போதும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை. ஜெனரேற்றரைப் போடச் சொன்னாள். சும்மா கண்டபடி, நிறுத்தாமல், கொம்பியூட்டரையும் நிறுத்தவிடாமல் வாசித்தாள். அவளுக்குக் கை வலிக்குமே என்று பாலன் நினைக்கும் அளவுக்கு வாசித்தாள். சிவப்புப் புள்ளி அசையாமல் எரிந்தது. பிறகு கையைத் தூக்கினாள். கொம்பியூட்டரும் அமைதியானது. இருவரும் குனிந்து அந்தத் தீப்பெட்டியையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு, கண் சொருகினாற்போல, புள்ளி அணைந்தது.

"நித்திரை கொள்ளுது," என்றாள் விமலேஸ்வரி. "ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை எண்டால் நித்திரை கொள்ளுது. எழுப்பினால் எழும்ப மாட்டுதாம்."

சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது. போன வருடம் இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியை வாங்கும்போது ஜவ்பரிடம் அவள் விலை கேட்க முன்னரே கேட்ட கேள்வி அது: கறண்ட் எவ்வளவு இழுக்கும்? ஆகக் குறைச்சு இழுக்கிற மாதிரிச் செய்து தாங்கோ தம்பி, எங்களுக்கு ஜெனரேற்றர்தான். வன்னியில் யார் கேட்காத கேள்வி? பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் நனைத்த ஒரு சொட்டு எண்ணெயை எரித்துப் படித்தவர்கள். றேடியோவில் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ ஓடப் பெடலைச் சுற்றியவர்கள். செய்தி முடிந்த கணமே கை தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகு வருகிற பாட்டை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது மண்ணெண்ணெய் தாராளமாக வருகிறது. ஆனாலும் கை இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அவள் கொம்பியூட்டருக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

பாலனுக்குப் பெரிய ஆறுதல். "அப்ப சுகம். அந்த இடத்தில சும்மா நிக்காமல் ஏதாவது டிங் டிங் எண்டு போட்டு நிரப்பிவிடன். நித்திரை கொள்ளாது. சனத்துக்கும் தெரியாது."

நல்ல யோசனைதான். இரண்டு நிமிட வேலை. வெள்ளிக்கிழமைப் பயமும் அதோடு போய்விடும். அவள் ஒருமுறை வாசித்தும் பார்த்தாள். இடைவெளியை நிரப்பிச் சின்னச் சின்னச் சுரங்கள். பாட்டு நிற்காமல் ஓடியது. அவள் கையை எடுத்துவிட்டாள். அந்த நாலு தாள அடி மௌனத்தில் பிள்ளைகள் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். வேறெந்த இடத்திலும் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நிற்கிற வாண்டுகள் அந்த இடத்தில் மட்டும் சொல்லிக் கொடுக்காமலே கல்லாக நிற்பார்கள். அசையாமல் நின்று மேலே காது கொடுக்க இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. பதுங்குகுழி வாசலில் நின்றே பழகியவர்கள். ஆனால் இந்த முறை மேலேயிருந்து வருவது மழை. அதற்காகத்தான் அவள் அந்த இடைவெளியை வைத்தாள். அதை நிரப்பினால் மிஞ்சுவது நடனம் அல்ல, தேகப்பயிற்சி.

"இல்லை," என்றாள். "நிரப்பமாட்டன். அது நித்திரை கொள்ளாமல் இருக்கப் பழகட்டும்."

புதன்கிழமை பின்னேரம் முழுக்கக் கொம்பியூட்டருக்குள் பக்கம் பக்கமாகத் திறந்து தேடினாள். எல்லாம் இங்கிலிசு. மின்சாரம் என்று ஒரு பக்கம் கண்டுபிடித்து, திரை அணைவது, உள்ளே சுற்றுகிற தட்டு நிற்பது என்று சேமிப்புக்குப் போட்டிருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். வாசித்தாள். புள்ளி அணைந்தது. பாலன் போய் ஜெனரேற்றரை நிறுத்தினான். அவள் இருண்ட திரைக்கு முன்னால் இருந்தபடியே, அடுத்த நாள் ஜவ்பரைக் கேட்பதென்று முடிவு செய்தாள். 

வியாழன் பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே சைக்கிளை மிதித்துக் கிளிநொச்சிக்குப் போனாள். தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்று ஜவ்பருக்கு எடுத்தாள். அவள் சொல்லி முடிக்க, மறுபக்கம் சிரிப்புக் கேட்டது.

"ரீச்சர், அது நான் போட்டதுதான். வன்னிக்குப் போற பெட்டி எண்டா எல்லாத்துலயும் சரி போட்டுத்தான் குடுக்கிறது. சும்மா நிக்கிற ஒண்டும் கறண்ட் தின்னக்கூடாதே. நீங்கதான் கேட்டீங்க."

"ஓம் தம்பி, நான்தான் கேட்டனான். இப்ப எடுக்கிற வழியைச் சொல்லுங்கோ."

"ஆனா அண்டைக்கு இஞ்ச வேலை செஞ்சதே?"

"நீங்கள் மூச்சு விடாமல் வாசிச்சனீங்கள். அது எப்பிடி நித்திரை கொள்ளும்?"

அவன் இன்னொருமுறை சிரித்தான், இந்த முறை கொஞ்சம் வெட்கத்தோடு. வயர் மாட்டுகிற ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் உண்டு, ஒவ்வொன்றையும் திறந்து, சேமிப்புக்காக நிறுத்தலாம் என்ற வரிக்கு முன்னால் இருக்கிற சரி அடையாளத்தை எடுக்க வேண்டும் என்றான். எங்கே போய் எதைத் தட்டுவது என்று இங்கிலிசுச் சொற்களை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அவளிடம் பேனை இருந்தது, கடதாசி இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். ரிசீவரைத் தோளால் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் தன் இடது உள்ளங்கையில் எழுதத் தொடங்கினாள். மடங்காத விரல்களுக்குக் கீழே அந்தக் கை பலகைபோல விரிந்து கிடந்தது. அவ்வளவு எழுத்துக்கும் இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜெனரேற்றருக்குள் கிடக்கிற எண்ணெய் மட்டும்தான், மிச்சம் நாளைக்கு வயலுக்கு இறைக்க வேணும் என்றான் பாலன். அவள் தலையாட்டினாள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சொல் சொல்லாக வாசித்து, பக்கங்களைத் திறந்தாள். வியர்வையில் ஒரு சொல் கலங்கியிருந்தது, அதை ஊகித்தாள். ஜவ்பர் சொன்னது சரி. ஒவ்வொரு துளைக்கும் ஒரு சரி, பாவம், கவனமாக, ஒன்றையும் மறக்காமல் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்தாள். கொம்பியூட்டரை அணைத்து, திரும்பப் போட்டாள். வெளியே ஜெனரேற்றரின் சத்தம் ஒருமுறை தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டது.

பாலன் வாசற்படியில் இருந்தான்.

அவள் தொடங்கினாள். வயர் வழியாக இடது கை வந்து சேர்ந்தது. அவள் வலது கையை அதன்மேல் வைத்தாள். உழவு போனது, விதைப்பு வந்தது, பிள்ளைகளின் கால்கள் அவளுடைய கண்ணுக்குள் மிதித்தன. ஓடிக்கொண்டிருந்த பாட்டு விளிம்புக்கு வந்து நின்றது. அவள் கையைத் தூக்கினாள். அமைதி.

அந்த அமைதியில் வாசற்படியில் ஓர் அசைவு. பாலனின் கால் செருப்பைத் தேடுகிற சத்தம். அவன் எழும்பிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவனுடைய கால் யோசித்து எழும்புவதில்லை. பேசினால் இடைவெளி உடைந்துபோகும். விமலேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே, எட்டு வருடமாகச் சேலை மடிப்புக்குள் வைத்தே பழகிய தன் இடது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். விரல்கள் மடங்காமல், மை கலங்கிய எழுத்துகளோடு, நில் என்று அது நின்றது. பாலன் ஒரு காலில் செருப்போடு நின்றான். தீப்பெட்டிக்குள் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. குசினிக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஒருவருக்கும் பயன்படாமல் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு, உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, பியானோவின் அடிச்சுரங்களில் இடது கை நடந்து வந்தது.